மாநாட்டில் கேட்டதை மரக்காணத்தில் செய்து பார்ப்பது எப்படி?

மரக்காணத்தில் உப்பளம் வைத்திருப்பவர்களுக்கும், அளக்காரர்களிடம் உப்பு எடுத்து மூட்டை கட்டி அனுப்புகிறவர்களுக்கும் இந்த அத்தியாயம். கூகுளில் விளம்பரம் கொடுக்கலாமா என்று யோசிக்கிறீர்கள். சென்னையில் ஏதோ ஒரு தேடல் விளம்பர மாநாட்டுக்கு அழைப்பு வந்திருக்கிறது, அல்லது வீட்டில் படித்த பிள்ளை ஒருவர் போய்வந்து நோட்டு நிறையக் குறிப்பு வைத்திருக்கிறார். அந்தக் குறிப்பை வைத்து அடுத்து என்ன செய்வது என்பதைத்தான் இங்கே வரிசையாகப் பார்க்கப் போகிறோம்.

இப்படிப்பட்ட மாநாடுகள் 1999இல் தொடங்கின. அந்த ஆண்டு, தேடுபொறிகளைப் பற்றி எழுதிவந்த டேனி சல்லிவன் சான் பிரான்சிஸ்கோவில் முதல் மாநாட்டைக் கூட்டினார். அன்றிலிருந்து இன்றுவரை மேடையில் பேசுகிறவர்களில் பெரும்பாலானோர் மாதம் பல லட்சம் செலவு செய்யும் நிறுவனங்களை மனத்தில் வைத்தே பேசுகிறார்கள். நம்முடைய சரக்கோ கனமானது, விலை குறைந்தது, லாரி வாடகையிலேயே லாபம் கரைந்துவிடக் கூடியது. அதனால் மேடையில் கேட்ட பத்தில் எட்டு யோசனையைத் தள்ளிவிடத் தெரிந்தவருக்குத்தான் மாநாட்டால் பயன். மிச்சமிருக்கும் இரண்டையும் ஒரே நேரத்தில் செய்யக் கூடாது. ஒவ்வொன்றாகச் செய்ய வேண்டும்.

போவதற்கு முன்

1. உங்கள் உப்பை இப்போது வாங்குகிறவர்கள் யார் என்று ஒரு தாளில் எழுதுங்கள். கருவாடு போடுகிறவர்கள், ஐஸ் பிளான்ட், தோல் பதனிடும் ஆலை, சாயப்பட்டறை, தென்னந்தோப்புக்காரர், அயோடின் கலந்து பாக்கெட் போடும் ஆலை என்று பெயர் பெயராக எழுதுங்கள். ‘பொதுமக்கள்’ என்று எழுதினால் தாள் வீண்.

2. ஒவ்வொருவருக்கும் எதிரே ஒரு லோடுக்கு எவ்வளவு மிஞ்சுகிறது என்று குறியுங்கள். ஒரு புது வாடிக்கையாளரைப் பிடிக்க அதிகபட்சம் எவ்வளவு செலவு செய்யலாம் என்பது இந்த எண்ணிலிருந்துதான் தெரியும். இந்த எண் இல்லாமல் மாநாட்டுக்குப் போனால் எல்லா யோசனையும் நல்லதாகவே தெரியும்.

3. மூன்று கேள்விகள் தயார் செய்யுங்கள். ‘என் தொழிலை எப்படி வளர்ப்பது’ என்று கேட்டால் பொதுப்பதில்தான் கிடைக்கும். ‘ராணிப்பேட்டையிலும் ஆம்பூரிலும் இருக்கிற தோல் ஆலைகளுக்கு மட்டும் விளம்பரம் காட்ட ஊர் எல்லையை எப்படி வைப்பது’ என்று கேட்டால் வேலைக்கு ஆகும் பதில் கிடைக்கும்.

4. நிகழ்ச்சி நிரலில் உள்ளூர்த் தேடல், சிறு பட்ஜெட், தேடுசொல் ஆய்வு ஆகிய அமர்வுகளைக் குறித்துக்கொள்ளுங்கள். செயற்கை நுண்ணறிவு பற்றிய பெரிய மேடைப் பேச்சைக் கேட்கலாம், ஆனால் அதற்காக உள்ளூர்த் தேடல் அமர்வை விட்டுவிடாதீர்கள்.

அரங்கில் குறிப்பெடுக்கும் முறை

நோட்டுப் பக்கத்தை மூன்றாகப் பிரியுங்கள். முதல் பத்தியில் சொன்ன யோசனை, இரண்டாவதில் அது எந்த ஆண்டு, எந்த நாட்டில், எவ்வளவு செலவில் செய்யப்பட்டது, மூன்றாவதில் நமக்கு ஒத்துவருமா என்ற உங்கள் தீர்ப்பு. பேசுகிறவர் இரண்டாவது பத்திக்கு விவரம் தரவில்லை என்றால் இடைவேளையில் போய்க் கேளுங்கள். தயங்க வேண்டாம், நன்றாகத் தெரிந்தவர்கள் சந்தோஷமாகச் சொல்வார்கள்.

ஆண்டைக் குறிப்பது ஏன் முக்கியம்? 2009 ஜூனில் சியாட்டிலில் நடந்த ஒரு தேடல் மாநாட்டில் கூகுளின் மேட் கட்ஸ் மேடையேறினார். அந்தக் காலத்தில் இணையதளம் வைத்திருப்பவர்களிடையே ஒரு உத்தி பரவியிருந்தது. தளத்துக்குள் இருக்கும் சில இணைப்புகளில் ஒரு குறியீட்டைப் போட்டு அடைத்துவிட்டால் அந்த இணைப்புகள் வழியே போகும் தேடல் பலம் மற்றப் பக்கங்களுக்குப் போகும் என்று நம்பி, பலரும் காசு கொடுத்து அந்த வேலையைச் செய்துவந்தார்கள். அப்படி அடைத்த பலம் இப்போது மற்றப் பக்கங்களுக்குப் போவதில்லை என்பது அங்கே தெரியவந்தது. அந்த மாற்றம் ஓராண்டுக்கும் மேலாகவே நடப்பில் இருக்கிறது என்று அவரே பின்னர் எழுதி விளக்கினார். உலகத்தின் கெட்டிக்காரர்கள் கூடிய அரங்கிலேயே செத்துப்போன உத்தி ஓராண்டுக்கு மேல் உயிரோடு உலவியிருக்கிறது. எனவே ‘எப்போது செய்தீர்கள்’ என்ற கேள்வியை ஒவ்வொரு யோசனைக்கும் கேளுங்கள்.

*எச்சரிக்கை:* அரங்கின் பொது வைஃபையில் விளம்பரக் கணக்கையோ வங்கிச் செயலியையோ திறக்காதீர்கள். ஸ்டால்களில் ‘30 நாள் இலவசம்’ என்று கார்டு எண் கேட்பார்கள். அன்றைக்கே கொடுக்காதீர்கள். அவர்களுடைய விசிட்டிங் கார்டை வாங்கிக்கொண்டு ஊருக்கு வந்து யோசியுங்கள்.

ஊருக்கு வந்ததும் முதல் வேலை: வாங்குகிறவர் வாயிலிருந்து சொல் எடுப்பது

மாநாட்டில் எத்தனை பேர் பேசினாலும் கடைசியில் எல்லாரும் ஒரே இடத்துக்குத்தான் வருவார்கள்: வாங்குகிறவர் தேடல் பெட்டியில் என்ன தட்டுகிறார்? இதைக் கண்டுபிடிக்கப் பெரிய கருவி எதுவும் வேண்டாம்.

1. ஒரு வாரம் உங்களுக்கு வரும் ஒவ்வொரு போனிலும் அவர்கள் சொல்லும் முதல் வாக்கியத்தை அப்படியே எழுதுங்கள். ‘கல்லுப்பு லோடு என்ன ரேட்டு’, ‘ஐஸ் பிளான்ட்டுக்கு உப்பு வேணும்’, ‘கருவாட்டுக்குப் போடுற உப்பு இருக்கா’ என்று கேட்டால் அப்படியே. நீங்கள் திருத்தக் கூடாது.

2. கூகுள் பெட்டியில் அந்தச் சொற்களைப் பாதி தட்டி நிறுத்துங்கள். கீழே விழும் பரிந்துரைகள் மற்றவர்கள் தேடியவை. தமிழ் எழுத்தில் ஒருமுறையும், ஆங்கில எழுத்தில் தமிழை ஒருமுறையும், ஆங்கிலச் சொல்லில் ஒருமுறையும் தட்டிப் பாருங்கள். மூன்றிலும் வேறு வேறு ஆட்கள் இருப்பார்கள். வீட்டுக்கு வாங்குகிறவர் தமிழிலும், ஆலையின் கொள்முதல் அலுவலர் பெரும்பாலும் ஆங்கிலத்திலும் தேடுவார்.

3. ஒவ்வொரு சொல்லையும் தேடி, வரும் முதல் பக்கத்தை முழுக்கப் பாருங்கள். அங்கே நம்மைப் போன்ற விற்பனையாளர்கள் இருக்கிறார்களா, வேறு சங்கதியா?

இந்த மூன்றாவது படியைத் தாண்டிவிடாதீர்கள். கருவாடு போடுகிறவர்களைப் பிடிக்க ‘உப்பு கருவாடு’ என்ற சொல்லை வாங்கலாம் என்று தோன்றும். தேடிப் பாருங்கள். 1999இல் வந்த ‘முதல்வன்’ படத்துப் பாட்டும், 2015இல் ராதாமோகன் எடுத்த அதே பெயருள்ள படமும் வந்து நிற்கும். அந்தச் சொல்லில் கிளிக் செய்பவர்களில் பாதிப்பேர் பாட்டுக் கேட்க வந்தவர்கள், மீதிப்பேர் சமையல் குறிப்புக்கு வந்தவர்கள். அத்தனை கிளிக்குக்கும் பணம் நீங்கள் கட்ட வேண்டும்.

அதேபோல ‘ராக் சால்ட்’. நம்மில் சிலர் கல் உப்பைத்தான் ஆங்கிலத்தில் அப்படிச் சொல்கிறார்கள் என்று நினைத்துப் போட்டுவிடுகிறார்கள். தேடுகிறவர்களில் பெரும்பாலோர் மனத்தில் இருப்பது இந்துப்பு. ‘கிரிஸ்டல் சால்ட்’, ‘இண்டஸ்ட்ரியல் சால்ட்’ ஆகியவை நம் சரக்குக்கு நெருக்கமானவை.

‘மரக்காணம்’ என்ற ஊர்ப்பெயரும் தனியாக உதவாது. அதைத் தேடுகிறவர் பஸ் நேரம் கேட்கிறார், கடற்கரை கேட்கிறார், பூமீஸ்வரர் கோயில் கேட்கிறார், கழுவேலிப் பறவைகளைப் பார்க்க வழி கேட்கிறார். 2020 நவம்பரில் நிவர் புயல் இந்தப் பக்கம் கரையைக் கடந்தபோதும், 2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் கரையேறியபோதும் நாடு முழுக்க இந்தப் பெயர் செய்தியில் இருந்தது. அந்த நாட்களில் ஊர்ப்பெயரை மட்டும் வைத்து ஓடும் விளம்பரத்தைப் பார்ப்பவர்களில் உப்பு வாங்குகிறவரைத் தேடிப் பிடிப்பது கஷ்டம். புயல் எச்சரிக்கை வந்ததும் விளம்பரத்தை நிறுத்திவைப்பதை வழக்கமாக்குங்கள். லாரியும் அன்று வராது.

வேண்டாத சொற்களின் பட்டியல்

விளம்பரக் கணக்கில் ‘நெகட்டிவ் கீவேர்டு’ என்று ஒரு இடம் இருக்கிறது. அங்கே போட்ட சொல் தேடலில் இருந்தால் உங்கள் விளம்பரம் காட்டப்படாது. விளம்பரம் தொடங்கும் முன்பே இந்தப் பட்டியலைப் போடுங்கள்:

பாட்டு, படம், பாடல் வரிகள், செய்முறை, வேலை, சம்பளம், பஸ், வானிலை, ரிசார்ட், பீச், இந்துப்பு, பிங்க், ஹிமாலயன், பரிகாரம், திருஷ்டி, ஒரு கிலோ.

கல் உப்பைத் தேடுகிறவர்களில் கணிசமானோர் வெள்ளிக்கிழமை வீட்டில் உப்பு வைப்பது பற்றியும் திருஷ்டி கழிப்பது பற்றியும் தேடுகிறார்கள். அவர்கள் ஒரு டன் வாங்க மாட்டார்கள்.

வாரம் ஒருமுறை ‘சர்ச் டெர்ம்ஸ்’ பக்கத்தைத் திறந்து, எந்தத் தேடலுக்காக உங்கள் பணம் போனது என்று பாருங்கள். பட்டியலை வளர்த்துக்கொண்டே இருங்கள். மாநாட்டிலிருந்து ஒரே ஒரு பழக்கத்தைக் கொண்டுவரலாம் என்றால் இதைத்தான் நான் சொல்வேன்.

கணக்கைத் திறக்கும்போது மாற்ற வேண்டியவை

கூகுள் 2000இல் ஆட்வேர்ட்ஸ் என்ற பெயரில் தொடங்கிய விளம்பரச் சேவைக்கு 2018இல் கூகுள் ஆட்ஸ் என்று பெயர் மாறியது. தமிழ் விளம்பரங்களும் அந்த ஆண்டிலேயே ஏற்கப்பட்டன. புதுக் கணக்கில் கூகுள் தானாக டிக் போட்டு வைத்திருக்கும் சில பெட்டிகள் நமக்கு ஆகாது. வரிசையாக மாற்றுங்கள்:

1. தொடக்கத்தில் எளிய வழியைக் காட்டும். அதை விட்டு, எல்லா அமைப்பையும் காட்டும் நிபுணர் வழிக்குப் போங்கள். விளம்பர வகையில் ‘சர்ச்’ மட்டும் தேர்ந்தெடுங்கள்.

2. கூகுள் தேடலுக்கு வெளியே விளம்பரம் காட்டும் ‘டிஸ்ப்ளே நெட்வொர்க்’, ‘சர்ச் பார்ட்னர்ஸ்’ இரண்டிலும் டிக்கை எடுங்கள்.

3. ஊர் அமைப்பில், அந்த ஊரில் இருப்பவர்களோடு அந்த ஊரில் ஆர்வம் உள்ளவர்களையும் சேர்த்துக் காட்டும்படிதான் இயல்பாக இருக்கும். ‘அங்கே இருப்பவர்கள்’ மட்டும் என்று மாற்றுங்கள். பிறகு லாரி வாடகை கட்டுப்படியாகும் ஊர்களை மட்டும் சேருங்கள். திண்டிவனம், விழுப்புரம், புதுச்சேரி, கடலூர், சென்னை, ராணிப்பேட்டை என்று உங்கள் கணக்குக்கு ஒத்துவரும் அளவு போதும்.

4. சொல்லைத் தளர்வாகப் பொருத்தும் ‘பிராட் மேட்ச்’ வேண்டாம். நெருக்கமாகப் பொருத்தும் ‘ஃப்ரேஸ்’ அல்லது ‘எக்ஸாக்ட்’ வையுங்கள்.

5. கூகுளின் பரிந்துரைகளைத் தானாக அமலாக்கும் வசதியை அணையுங்கள்.

6. விளம்பரம் ஓடும் நேரத்தைப் போன் எடுக்க ஆள் இருக்கும் நேரத்துக்கு வையுங்கள். அளத்தில் விடியலுக்கு முன்பே வேலை தொடங்கி, வெயில் ஏறுவதற்குள் முடியும். காலை 7 மணிக்கு வரும் போனை வாரும் பலகை கையில் இருக்கிறவர் எடுக்க மாட்டார். 10 மணி முதல் 6 மணி வரை என்று வைப்பது நல்லது.

*பட்ஜெட் குறிப்பு:* நாளுக்கு 200 ரூபாய் என்று வைத்தால் ஒரு நாளில் 400 ரூபாய் வரைக்கூடக் கூகுள் எடுக்கலாம். ஆனால் மாதக் கணக்கில் 200 × 30.4, அதாவது 6,080 ரூபாயைத் தாண்டாது. அதன்மேல் 18 சதவீதம் ஜிஎஸ்டி சேரும்: 1,094 ரூபாய் 40 காசு. ஆக மொத்தம் 7,174 ரூபாய் 40 காசு. உப்புக்கு ஜிஎஸ்டி இல்லை, விளம்பரத்துக்கு உண்டு. இதைக் கணக்கில் சேர்க்காமல் விட்டுவிட்டுப் பில் வந்ததும் அதிர்ச்சி அடைகிறவர்கள் உண்டு.

விளம்பர வாசகம்

ஒரு தலைப்புக்கு 30 எழுத்து, விளக்க வரிக்கு 90 எழுத்து. இப்போதைய வகை விளம்பரத்தில் 15 தலைப்புகள் வரை தரலாம், கூகுள் அவற்றை மாற்றி மாற்றிப் பொருத்தும். தமிழில் ஒரு சிக்கல் இருக்கிறது: புள்ளி, கொம்பு, கால் எல்லாம் தனித்தனியாக எண்ணப்படும். ‘மரக்காணம் உப்பளத்திலிருந்து நேரடி விற்பனை’ என்பதை வாயால் எண்ணினால் 23 எழுத்து. பெட்டிக் கணக்கில் இடைவெளியும் சேர்த்து 41 ஆகிவிடும், ஏற்காது. அதனால் குட்டையாக எழுதுங்கள்:

மரக்காணம் கல் உப்பு
கருவாடு, ஐஸ், தோலுக்கு
குறைந்தது 1 டன் மட்டும்

மூன்றாவது வரியை வைக்கத் தயங்குவார்கள், ஆள் குறைந்துவிடுமே என்று. குறையத்தான் வேண்டும். அரைக் கிலோ கேட்க வருகிறவர் அந்த வரியைப் பார்த்துக் கிளிக் செய்யாமல் போனால் அந்தப் பணம் உங்களுக்கு மிச்சம்.

சட்டத்தில் சிக்காமல் இருக்க

மாநாட்டு மேடையில் இதை யாரும் சொல்ல மாட்டார்கள், உப்பு விற்பவர் தெரிந்தே ஆக வேண்டும். 2011ஆம் ஆண்டு உணவுப் பாதுகாப்பு விதிகளின்படி, மனிதர் நேரடியாக உண்பதற்கு அயோடின் கலக்காத உப்பை விற்கவோ விற்பனைக்கு வைக்கவோ கூடாது. பாத்தியிலிருந்து வாரிய உப்பை ‘இயற்கைக் கடல் உப்பு, சமையலுக்குச் சிறந்தது’ என்று விளம்பரம் செய்தால் அந்த விளம்பரமே உங்களுக்கு எதிரான சாட்சி. தொழிற்சாலை, கால்நடை, பதப்படுத்துதல், அயோடின் கலப்பதற்கான மூலப்பொருள் ஆகியவற்றுக்கு விற்கலாம், ஆனால் மூட்டையில் அதை எழுத வேண்டும். விளம்பரத்திலும் அதே சொல் இருக்கட்டும்.

அயோடின் கலந்து பாக்கெட் போடுகிறவர் என்றால் உங்கள் 14 இலக்க உணவு உரிம எண் பாக்கெட்டில் இருக்க வேண்டும், இணையப் பக்கத்திலும் காட்டுங்கள். ரத்த அழுத்தம் குறையும், சர்க்கரை கட்டுப்படும் என்றெல்லாம் எழுதவே கூடாது. தவறான விளம்பரத்துக்கு 2006 உணவுப் பாதுகாப்புச் சட்டத்தின் 53ஆம் பிரிவில் 10 லட்சம் ரூபாய் வரை அபராதம் விதிக்க இடமிருக்கிறது.

வரைபடத்தில் இடம்

கூகுள் வரைபடத்தில் உங்கள் இடத்தைக் காட்டும் கூகுள் பிசினஸ் ப்ரொஃபைல் இலவசம். விளம்பரத்துக்குப் பணம் இல்லாதவர்கள் இதை மட்டும் செய்தாலும் பலன் உண்டு. ஆனால் இடத்தைக் குறிக்கும் ஊசியைப் பாத்தி நடுவே குத்திவிடாதீர்கள். புது டிரைவர் போனில் வழிபார்த்து வரப்புமேல் லாரியை இறக்கினால் சக்கரம் பதிந்து, வரப்பும் போய், ஒரு நாள் வேலையும் போகும். தார்ச்சாலையோரம் உப்புக் குவித்திருக்கும் மேட்டில், லாரி திரும்ப இடமிருக்கும் இடத்தில் ஊசி இருக்கட்டும். படத்தில் அந்த மேடும் உள்ளே திரும்பும் வழியும் தெரிய வேண்டும். அளத்தில் வேலை செய்யும் பெண்களைப் படமெடுத்துப் போடுவதாக இருந்தால் அவர்களிடம் கேட்டு, சம்மதம் வாங்கிப் போடுங்கள்.

அளந்து பார்ப்பது

பாத்தி நீரின் அடர்த்தி 25 டிகிரிக்கு வந்ததா என்று அளக்காமல் யாரும் உப்பு வாரக் கனவு காண்பதில்லை. விளம்பரத்திலும் அளக்க வேண்டும். ஒரு நோட்டுப் போதும். தேதி, பேசியவர் ஊர், எதற்கு உப்பு, ‘எங்களை எங்க பாத்தீங்க?’ என்ற கேள்விக்குப் பதில், லோடு போனதா, எவ்வளவு மிஞ்சியது. மாதக் கடைசியில் விளம்பரச் செலவை, விளம்பரத்தால் போன லோடுகளின் எண்ணிக்கையால் வகுங்கள். முதலில் எழுதிய தாளில் உள்ள எண்ணைவிடக் குறைவாக இருந்தால் தொடரலாம்.

ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள். சொல்லையும் ஊரையும் வாசகத்தையும் ஒரே நாளில் மாற்றினால் எதனால் போன் கூடியது என்று தெரியாமல் போகும். குறைந்தது இரண்டு வாரம் ஒரு மாற்றத்தை விட்டுப் பாருங்கள்.

ஏமாற்றுக்காரர்கள்

உங்கள் எண் இணையத்தில் ஏறிய பிறகு வரும் போன்களில் சில வாங்குகிறவர்களுடையதாக இருக்காது.

1. ‘கூகுளிலிருந்து பேசுகிறோம், உங்க கடையை முதலிடத்தில் போடுகிறோம், பணம் கட்டுங்க’ என்பார்கள். முதலிடத்துக்கு யாராலும் உத்தரவாதம் தர முடியாது. கூகுளே அதைச் சொல்லியிருக்கிறது. வைத்துவிடுங்கள்.

2. கணக்கைப் பார்த்துக்கொள்ள ஆள் வைத்தால் பாஸ்வேர்டைத் தராதீர்கள். உங்கள் மின்னஞ்சலில் கணக்கைத் திறந்து, அவருக்கு அணுகல் அனுமதி மட்டும் கொடுங்கள். அவர் விலகிப் போனாலும் கணக்கும் பழைய தகவலும் உங்களிடம் இருக்கும். இரண்டடுக்குச் சரிபார்ப்பைப் போட்டு வையுங்கள்.

3. ராணுவ முகாமுக்கு உப்பு வேண்டும் என்று பெரிய ஆர்டர் சொல்லி, ‘முன்பணம் அனுப்புறோம், இந்த க்யூஆரை ஸ்கேன் பண்ணி பின் போடுங்க’ என்று கேட்கும் கும்பல் நாடு முழுக்க இருக்கிறது. பணம் வாங்குவதற்கு ஸ்கேனும் வேண்டாம், யுபிஐ பின்னும் வேண்டாம். பின் போட்டால் போவது உங்கள் பணம்.

4. உதவுவதாகச் சொல்லி உங்கள் போன் திரையை அவர்கள் பார்க்கும்படி ஏதாவது செயலியை இறக்கச் சொன்னால் மறுத்துவிடுங்கள்.

5. பணம் போய்விட்டால் உடனே 1930க்குப் போன் செய்யுங்கள். எவ்வளவு சீக்கிரம் சொல்கிறீர்களோ அவ்வளவுக்குப் பணத்தை வழியிலேயே முடக்க வாய்ப்பு அதிகம். வங்கிக்கும் அதே நேரத்தில் சொல்லுங்கள்.

பருவத்தோடு விளம்பரம்

மரக்காணத்தில் பெரும்பாலும் ஜனவரிக்குப் பிறகு உப்பு எடுப்பு சூடுபிடித்து, வடகிழக்குப் பருவமழை தொடங்கும் அக்டோபரில் நின்றுவிடும். விளம்பரத்தையும் அதற்கேற்ப நடத்துங்கள். முதல் வாரலுக்கு இரண்டு வாரம் முன்பு குறைந்த பணத்தில் தொடங்கி வேண்டாத சொற்களைக் களையுங்கள். குவியல் ஏறியதும் பணத்தைக் கூட்டுங்கள். மழைக்காலத்தில் கீற்றோ தார்ப்பாயோ போட்டு மூடிய குவியல் கையில் இருந்தால், ‘மழைக்கால ஸ்டாக் உண்டு’ என்று வாசகத்தை மாற்றித் தொடருங்கள். அப்போது விலையும் கூடுதலாகக் கிடைக்கும், போட்டி விளம்பரமும் குறையும். ஸ்டாக் தீர்ந்ததும் அன்றைக்கே நிறுத்துங்கள். வரைபடத்தில் மட்டும் ‘நிரந்தரமாக மூடப்பட்டது’ என்று போட்டுவிடாதீர்கள். அடுத்த ஜனவரியில் திறக்கும் தேதியைக் குறிப்பில் எழுதிவைத்து, போன் எண்ணை அப்படியே விட்டுவிடுங்கள்.